பருப்பு வேகாத தண்ணீருக்கு எந்த மீன்? வீட்டுத் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

நான் முதலில் வாங்கியது எட்டு நியான் டெட்ரா, ஐந்து ரூபாய்க் காசு அளவில் இரண்டு ஏஞ்சல். "ரெண்டும் ஒண்ணா இருக்குமுங்களா?" என்று கேட்டேன். "தாராளமா இருக்குமுங்க" என்றார் கடைக்காரர். நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டதும் மகள் எண்ணிவிட்டு, "அம்மா, ஆறுதான் இருக்குது" என்றாள். மறுவாரம் நான்கு. ஏஞ்சல் அதற்குள் என் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. அதன் வாய்க்குள் ஒரு டெட்ரா முழுசாகப் போகும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மீன் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை இருக்கிறது. நம் கொங்குப் பக்கம் அது வீட்டுக் குழாயில் தொடங்குகிறது.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அது மென்மையான தண்ணீர். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் குழையும். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தத் தண்ணீரில் அரிசிம்பருப்புச் சாதம் வைத்தால் பருப்பு விதைவிதையாக நிற்கும். பல வீடுகளில் இரண்டு தண்ணீருமே வரும். தொட்டிக்கு எதை ஊற்றப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கடினத் தண்ணீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன். குட்டி போடும் இந்த வகைகளுக்குத் தண்ணீரில் தாது உப்பு வேண்டும். மோலியை மென்மையான தண்ணீரில் விட்டால் சில நாளில் ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் விளையாடுகிறது என்று நினைப்பார்கள். அது வேதனையில் ஆடுகிறது.

மென்மையான தண்ணீர் என்றால் நியான் டெட்ரா, ராஸ்போரா, கோரிடோராஸ். போர் தண்ணீரில் ஆர்.ஓ. தண்ணீர் கலந்தும் டெட்ரா வளர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே அளவில் கலக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து. கிடைக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனையே வாங்குங்கள்.

படி 2: வளர்ந்த அளவைக் கேளுங்கள்

கடையில் இருப்பது குட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். விரல் நீளத்தில் வாங்கும் ஆஸ்கர் ஓரடி வளரும். பாசியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கொடுக்கும் சக்கர் மீனும் அப்படியே. கோல்டு மீனும் பெரிதாகும், தண்ணீரை வேகமாக அழுக்காக்கும், குளிர்ந்த தண்ணீரை விரும்பும். ஈரோட்டு சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றையும் இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள்.

படி 3: குணத்தைப் பாருங்கள்

ஒரு மீனின் வாய்க்குள் போகிற அளவில் இன்னொரு மீன் இருக்கக் கூடாது. நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், கப்பியோடு டைகர் பார்ப் சேரவே சேராது. துடுப்பைக் கடித்துக் கிழித்துவிடும். ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். கப்பியின் விசிறி வாலை அது இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணித் துரத்துவதும் உண்டு. ஃபிளவர்ஹார்ன் தனியாகவே இருக்கட்டும்.

கூட்டமாக வாழும் மீனைக் கூட்டமாகவே வாங்க வேண்டும். டெட்ரா, கோரிடோராஸ் இரண்டிலும் குறைந்தது ஆறு. நிறத்துக்கு இரண்டிரண்டாகப் பொறுக்கினால் அவை பயந்து மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். கப்பி, மோலி, பிளாட்டியில் ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்கட்டும். இல்லையென்றால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண்ணை ஓய வைத்துவிடும்.

படி 4: சேர்க்கையை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்

மேலே சொன்ன இரண்டடித் தொட்டிக்கு நான் சொல்லும் சேர்க்கை:

போர் தண்ணீர்: இரண்டு ஆண், நான்கு பெண் பிளாட்டி, ஐந்து ஆண் கப்பி. கப்பியில் பெண் சேர்த்தால் மூன்றே மாதத்தில் தொட்டி கொள்ளாது.

சிறுவாணி: எட்டு நியான் டெட்ரா, அடியில் மணல் போட்டு ஆறு கோரிடோராஸ்.

படி 5: மெதுவாக விடுங்கள்

தொட்டியை நிரப்பி ஃபில்டர் ஓடவிட்டதும் மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் தினமும் துளி உணவு மட்டும் போட்டு வாருங்கள், அது அழுகி அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஊற்றும் முன் குளோரின் நீக்கும் மருந்தை அதில் கலந்துவிடுங்கள்.

பிறகு முதல் வகை. இரண்டு வாரம் கழித்து அடுத்த வகை. பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிய பின் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

முதல் வாரம் தீனி போடும் நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். எது துரத்துகிறது, எது சாப்பிட வராமல் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். வால் கிழிந்த மீன் தெரிந்தால் கிழித்ததை அன்றைக்கே தனி வாளிக்கு மாற்றி, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நொய்யல் ஆற்றிலோ பக்கத்துக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் மீன் குளத்தில் பிழைத்துப் பெருகிவிடும், அங்கே இருக்கும் நம்மூர் மீன்களுக்கு இடமில்லாமல் போகும்.