அவிழ்ந்துகொண்டே இருந்த சப்பாத்து நாடா

முதலாம் தரத்தில் படிக்கும் மகள் சப்பாத்து நாடாவைத் தானே கட்டப் பழகியிருந்தும், கல்லடிப் பாலத்தை நடந்து கடப்பதற்குள் அது அவிழ்ந்துவிடும். புதிய நாடாவாலும் பயனில்லை. இரட்டை முடிச்சோ, மணல் புகுந்து இறுகி, மாலையில் நகத்தால் நெம்ப வைத்தது.

அவளுடைய முடிச்சின் காதுகள், அதாவது நாடாவை மடித்துப் போடும் வளையங்கள், பாதத்துக்குக் குறுக்கே கிடக்காமல், விரலையும் குதிகாலையும் நோக்கி நீளவாக்கில் திரும்பியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். முதலில் போடும் கீழ்முடிச்சும், காதுகளால் போடும் மேல்முடிச்சும் ஒரே பக்கமாகச் சுற்றப்பட்டால் இப்படித்தான் திரும்பும். இவ்வகை முடிச்சு எளிதில் அவிழ்வதை 2017இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காட்டியுள்ளனர்.

காது மடிக்கும் பழக்கத்தை மாற்றுவது வீண்வேலை. ஆகவே, இடது நாடாவின் நுனியில் சிவப்பு நகப்பூச்சைத் தடவி, கீழ்முடிச்சில் மட்டும், முன்பு சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாக, சிவப்பு நுனியை மற்றதன் மேலாகப் போட்டு உள்ளே நுழைக்கச் சொன்னேன். காதுகள் குறுக்கே படிந்தன. பாடசாலை விடும்வரை முடிச்சு தளரவில்லை.