மல்லாக்கப் பறக்க வந்த பிறகே தலைகீழ்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு ஃப்ரீஃப்ளை வழிகாட்டி

கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பவனைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். மல்லாக்க மிதப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மூச்சு வாங்கும்போதும், திசை தெரியாமல் தடுமாறும்போதும் ஆளைக் காப்பாற்றுவது அந்த மிதப்புதான். கீழிருந்து வேகமாக வீசும் காற்று ஆளைத் தாங்கிப் பறக்கவைக்கும் விண்ட் டனலிலும் இதே கதை. முதல் நாளே ஹெட்-டவுன், அதாவது தலைகீழாகப் பறப்பது, வேண்டும் என்று கேட்டு நிற்பவர்கள் அதிகம். பேக்ஃப்ளை எனப்படும் மல்லாந்த பறத்தலை ஒழுங்காகக் கற்றவர்கள்தான் கடைசியில் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

வயிறு கீழே இருக்கக் கைகால் விரித்து விழுவது பெல்லி. மல்லாந்தோ, உட்கார்ந்தோ, நின்றோ, தலைகீழாகவோ, எந்த நிலையிலும் கட்டுப்பாட்டோடு பறப்பது ஃப்ரீஃப்ளை. 1990களில் ஓலாவ் ஸிப்ஸர் போன்ற ஸ்கைடைவர்கள் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்து, வானத்தில் விழுந்து விழுந்து கண்டுபிடித்த வித்தை இது. ஒரு குதிப்புக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் என்பதால் அவர்களுக்கு வருடங்கள் ஆயின. டனலில் 10 நிமிடம் பறப்பது, வானத்தில் 10 முறைக்கு மேல் குதித்ததற்குச் சமம்.

எங்கே போவது

நம் மாவட்டங்களில் டனல் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஹைதராபாத்தில், கண்டிப்பேட்டைப் பக்கம். தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஹைதராபாத்துக்கும் போகிறது. தருமபுரியிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கிக் காலையிலேயே பறக்காதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு இறுகிக் கிடக்கும், இறுகிய உடம்பு காற்றில் ஆடும். ஒருநாள் முன்னதாகப் போங்கள், இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து விமானம். வேலை நிமித்தம் துபாய், சிங்கப்பூர் போய்வருகிறவர்களுக்கு அங்கேயும் டனல் உண்டு.

பதிவு செய்யும்போது, முதல்முறை வருகிறவர்களுக்கான இரண்டு சுற்று டிக்கெட்டை வாங்கிவிட்டு ஃப்ரீஃப்ளை எதிர்பார்க்காதீர்கள். அது அனுபவத்துக்கானது. கற்க வேண்டுமானால் கோச்சோடு நிமிடக் கணக்கில் நேரம் கேட்க வேண்டும். முதல் நாளுக்கு 10 நிமிடம், அடுத்த நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒன்றரை அல்லது இரண்டு நிமிடச் சுற்றுகளாகப் பிரித்து, நடுவில் இன்னொருவர் பறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஐந்து நிமிடம் பறந்தால் மூன்றாவது நிமிடத்துக்கு மேல் தோள் சோர்ந்துவிடும். அதன் பிறகு பழகுவதெல்லாம் தப்பான பழக்கம். வீடியோவை அதே நாள் வாங்கிப் பாருங்கள். நேராக இருந்ததாக நீங்கள் நினைத்த கால் வளைந்திருப்பது அதில்தான் தெரியும்.

நழுவாத, கயிறு கட்டும் ஷூ அணியுங்கள். மோதிரம், செயின், காதணி, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழற்ற மனமில்லாத தாலிக்கொடியை உள்சட்டைக்குள் வைத்து மேலே சூட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீள முடியைப் பின்னி உள்ளே செருக வேண்டும். காதடைப்பான் கட்டாயம். எப்போதாவது தோள்பட்டை கழன்றிருந்தால் மறைக்காதீர்கள். கைகளை மேலே தள்ளும் காற்று அந்தத் தோளைத்தான் முதலில் தேடிப் போகும். முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் போக வேண்டாம்.

உள்ளே பேச்சு கேட்காது, சைகைதான். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. மடக்கினால் காலை மடக்கு. ஒரு விரல் மேலே காட்டினால் முகவாயைத் தூக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டி ஆட்டினால் உடம்பைத் தளர்த்து. கடைசிச் சைகைதான் அதிகம் வரும்.

பெல்லி: சீக்கிரம் கடந்துவிடலாம்

இடுப்பு சற்றுக் கீழே, முகவாய் மேலே, முழங்கால் லேசாக மடங்கி, கைகள் தலைக்கு இருபுறமும் தளர்வாக. பெல்லிக்குக் காற்றின் வேகம் மணிக்கு 160 முதல் 190 கிலோமீட்டர், உங்கள் எடையையும் சூட்டையும் பொறுத்து. காலை நீட்டினால் தலைப்பக்கம் நகர்வீர்கள், மடக்கினால் பின்னால். திரும்புவது, ஏறுவது, இறங்குவது, நின்ற இடத்தில் நிற்பது, வாசலில் தானாக நுழைந்து தானாக வெளியேறுவது, இவை வந்தால் போதும். ஐபிஏ என்ற பன்னாட்டு அமைப்பு டனல் பறத்தலை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. இது முதல் நிலை. இதற்குப் பிறகு ஓரிடத்தில் நின்று பறக்கும் ஸ்டாட்டிக், சுற்றிச் சுழன்று பறக்கும் டைனமிக் என்று இரண்டு பாதை. இரண்டுக்குமே அடுத்த படி மல்லாந்துதான்.

பேக்: இங்கே தங்குங்கள்

பெல்லியில் தரை தெரியும். மல்லாந்தால் கூரை மட்டும் தெரியும், அதனால் உடம்பு பயந்து தலையைத் தூக்கி, டனலில் தரையாக விரித்திருக்கும் வலையைப் பார்க்க முயலும். தூக்கினால் மார்பு மடங்கும், இடுப்பு கீழே தொங்கும், நாற்காலியில் சரிந்தவர் போல ஆகி வலையில் போய் உட்காருவீர்கள். பேக்கில் வருகிற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

சரியான நிலை இது: இரண்டு தோள்பட்டைகளும் காற்றின் மேல் மெத்தையில் அழுத்துவது போல அழுந்தியிருக்க வேண்டும். இடுப்பு தொங்காமல் முதுகோடு ஒரே தளத்தில். முழங்கால் மடங்கி, தோளகலத்துக்குப் பிரிந்து. கைகள் பக்கவாட்டில் விரிந்து, உள்ளங்கை கீழே காற்றைப் பார்த்து. முகவாய் சற்று உள்ளே. பார்வை எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் ஒரு புள்ளியில்.

கை விஷயத்தில் கவனம். விழப்போகிறவர் எதையாவது பிடிக்கக் கையை மேலே, கூரைப் பக்கமாக வீசுவார். கை காற்றை விட்டு விலகியதும் தலைப்பக்கத்தைத் தாங்க ஆளில்லை. தலை கீழே போய் பின்குட்டிக்கரணம் விழும். பதறும்போது கையை அகலமாகக் கீழே அழுத்துங்கள். உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது என்பதால் வீட்டில் ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்து, யாரையாவது திடீரென்று கை தட்டச் சொல்லி, சத்தம் கேட்டதும் கையை அழுத்திப் பழகலாம். சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

திரும்புவதற்கு ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் லேசாக அழுத்தினாலே சுழலும், ஓங்கி அழுத்தினால் நிற்காமல் சுழலும். பேக்கில் நீங்களும் அப்படித்தான். ஒரு தோளைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் திரும்புவீர்கள். நிறுத்த மறுதோளை அழுத்த வேண்டும், நின்றவுடன் இரண்டையும் சமமாக்க வேண்டும். நிறுத்தாத திருப்பம் சுவரில் போய் முடியும்.

பெல்லியிலிருந்து பேக்குக்குப் புரள, ஒரு கையை உடம்போடு ஒட்டி, அந்தத் தோளுக்கு மேல் பாருங்கள். மறுகை நீண்டே இருக்கட்டும். பக்கவாட்டில் இருக்கும் நொடியில் காற்றுக்குக் கிடைக்கும் பரப்பு குறைவதால் அரை அடி, ஒரு அடி இறங்குவீர்கள். அது தவறு அல்ல, அந்த இடத்தில் பயந்து விரிந்தால்தான் தவறு. இரு பக்கமும் புரண்டு, புரண்ட பின் அதே உயரத்துக்கு வந்து நிற்க முடிகிறதா என்பதுதான் சோதனை. ஒரு பக்கம் மட்டும் வருகிறவர்கள் மறுபக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

பேக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் செலவாவது சாதாரணம். பணம் வீணாகிறது என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்து பறக்கும் சிட்டிலும் ஹெட்-டவுனிலும் நிலை குலையும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்து விழுகிற வீடு இதுதான்.

சிட்

இங்கே வேகம் மணிக்கு 210 முதல் 250 கிலோமீட்டர் வரை ஏறும். இதுவரை பொறுத்துக்கொண்ட சின்னத் தவறுகளைக் காற்று இனிப் பொறுக்காது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலை: தொடை கிடையாக, முழங்கால் 90 பாகை, பாதம் தட்டையாக, கால்கள் தோளகலத்துக்கு மேல் பிரிந்து, முதுகு நேராக, கைகள் தோள் உயரத்தில் விரிந்து சற்றுப் பின்னால்.

முன்னே தொடையையும், பின்னே கைகளையும் காற்று தாங்குகிறது. தராசின் இரு தட்டு மாதிரி. கை தொங்கினால் பின்தட்டு இறங்கும், மல்லாந்துவிடுவீர்கள். கால் கீழே தொங்கினால் முன்தட்டு இறங்கும், முகம் குப்புறச் சாயும். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கினால் சுழற்சி ஆரம்பிக்கும். கீழே குனிந்து பாதத்தைப் பார்ப்பது எல்லாத் தவறுக்கும் தாய். எதிர்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வீட்டில் சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து, கை விரித்து 45 வினாடி நிற்கலாம். மூன்று முறை. அது தாங்காத தொடை டனலில் இரண்டு நிமிடம் தாங்காது.

இந்த வேகத்தில் நிலை குலைந்து தட்டையாக விரிந்தால் மேலே தூக்கி எறியப்படுவீர்கள். அதற்கு கார்க் ஆவது என்று பெயர். தண்ணீருக்குள் அமுக்கிய காலிக் குடத்தை விட்டதும் பாயுமே, அப்படி. அப்போது முழங்காலைச் சுருக்கி உடம்பைச் சிறிதாக்குங்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் காற்றைக் குறைப்பார். குறைந்ததும் மெல்ல மல்லாந்து விரியுங்கள். குறைந்த பிறகும் சுருண்டே இருந்தால் வலையில் கனமாக விழுவீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைக் கோச் முதல் சில சுற்றுகளில் உங்களைப் பிடித்துக்கொண்டே கற்றுத்தருவார். பிடிக்கும் கையைத் தட்டிவிடாதீர்கள்.

ஹெட்-டவுன்

முதலில் குறைந்த காற்றில், தலையும் தோளும் வலையைத் தொட, கோச் பிடித்திருக்க. பிறகு வேகம் ஏறும். கால்கள் மேலே அகலமாக, பக்கவாட்டிலோ ஒன்று முன் ஒன்று பின்னாகவோ. மேலே இருக்கும் கால்கள்தான் அம்பின் பின்னிறகு போல உங்களை நேராக வைத்திருக்கின்றன. அவை சேர்ந்தால் நிலை போயிற்று. முதுகு நேர்கோடு, பார்வை எதிரே. வலையைப் பார்க்கக் கழுத்தை வளைத்தால் முதுகும் கூடவே வளைந்து பெல்லிக்குக் கவிழ்வீர்கள். இடுப்பு மடிந்தால் நின்ற இடத்தில் நிற்காமல் ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும், சுவர் வரை. கழுத்து விறைத்த நாளில் இதைத் தொடாதீர்கள்.

வானத்துக்குப் போகும்போது

டனலில் நன்றாக வருகிறது என்பதற்காக வானத்திலும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ தரும் முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். டனல் நேரம் எவ்வளவு இருந்தாலும் அது குறையாது. அதன் பிறகு, ஒரு கோச்சோடு இருவராக மட்டும் ஆரம்பியுங்கள்.

முதல் வித்தியாசம், காற்று வரும் திசை. டனலில் எப்போதும் கீழிருந்து. விமானத்தை விட்டு வெளியேறிய முதல் சில வினாடிகளில் காற்று விமானம் போகும் திசையிலிருந்து வரும், 10 வினாடியில்தான் கீழிருந்து வருவதாக மாறும். வாசலில் டனல் நினைப்பில் தரையை நோக்கித் தலையை நட்டால் கவிழ்ந்துவிடுவீர்கள்.

இரண்டாவது, சுவர் இல்லை. டனலில் நகர்ந்தால் சுவர் சொல்லும். வானத்தில் சிட்டில் சாய்ந்தபடி நூறு மீட்டர் போனாலும் தெரியாது. விமானம் போன கோட்டிலேயே நகர்ந்தால், முன்னால் குதித்து பாராசூட் விரித்துக்கொண்டிருப்பவருக்குக் கீழேயோ மேலேயோ போய்விடுவீர்கள். ஆகவே தனியாகப் பழகும்போது அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பி நில்லுங்கள். பொதுவாக பெல்லிக் குழுக்கள் முதலில், ஃப்ரீஃப்ளை குழுக்கள் பின்னால் வெளியேறுவதும் இதே காரணத்துக்குத்தான்: மெதுவாக விழுபவர்களை மேல்காற்று அதிக தூரம் அடித்துப் போகும்.

மூன்றாவது, நேரம். பெல்லியில் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 5.5 வினாடி, ஹெட்-டவுனில் 4 வினாடிதான். தலைகீழாக இருக்கும்போது மணிக்கட்டில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்ப்பதும் கஷ்டம். ஹெல்மெட்டுக்குள் ஒலியெழுப்பும் ஆல்டிமீட்டர் வையுங்கள், முதல் ஒலியை, சேர்ந்து பறந்தவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியும் உயரத்துக்கு அமையுங்கள். 5,000 அடியில் பிரிந்து, பெல்லிக்கு வந்து, சில வினாடி வேகம் குறைந்த பிறகே விரிக்க வேண்டும். ஃப்ரீஃப்ளை வேகத்தில் பாராசூட் விரிந்தால் துணியும் கிழியலாம், ஆளுக்கும் பலத்த காயம் படலாம். வானத்திலும் கார்க் உண்டு: நீங்கள் திடீரென்று மெதுவானால், உங்களுக்கு மேலே இருப்பவர் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் உங்கள் மேல் வந்து மோதுவார். அதனால் யாருக்கும் நேர் கீழே பறக்காதீர்கள்.

கடைசியாக, பாராசூட்டை மடித்து வைத்து முதுகில் மாட்டும் பை. பெல்லிக்குப் போதுமான பை ஃப்ரீஃப்ளைக்குப் போதாமல் போகலாம், ஏனென்றால் காற்று இனி எல்லாப் பக்கமிருந்தும் மடிப்புகளைப் பிரிக்கும். பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டான பைலட் சூட் அடிப்பையில் இறுக்கமாக இருக்கிறதா, அதிலிருந்து பையை மூடும் ஊசிக்குப் போகும் பட்டை வெளியே தெரிகிறதா, மூடும் வளையம் தளர்ந்து நூல் பிரிந்திருக்கிறதா, பாராசூட்டை உடல்பட்டையோடு இணைக்கும் ரைசர்களின் மூடிகள் குலுக்கினால் திறக்கின்றனவா, இரு தொடைப்பட்டைகளையும் இணைக்கும் எலாஸ்டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எலாஸ்டிக் இல்லாவிட்டால் சிட்டில் பட்டைகள் முழங்காலை நோக்கி நகரும். இவற்றில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் அந்த விமான ஏற்றத்தில் பெல்லி மட்டும் பறந்துவிட்டு, கீழே வந்து பாராசூட் பைகளைச் சரிபார்க்கும் ரிக்கரிடம் பையைக் கொடுங்கள்.