கதைக்கேற்ற அசைவூட்டப் பாணியைத் தேர்ந்தெடுக்கும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் சென்ற ஆண்டு மூன்று குறும்படங்களை அசைவூட்டத்தில் (அனிமேஷனில்) செய்து முடித்தேன். நெல் வயலைத் தாக்கும் புகையான் என்னும் பூச்சியைப் பற்றி விவசாயிகளுக்கு விளக்குவது ஒன்று. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான வயல் நண்டின் கதை மற்றொன்று. வாய்க்கால் கரையில் நடக்கும் பேய்க்கதை மூன்றாவது. மூன்றையும் ஒரே பாணியில் செய்யத் தொடங்கி, முதற்படத்திலேயே இடறி, பிறகு கண்டடைந்த முறையை இங்கே எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவதும் அடுக்குகளைக் கையாள்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: பார்ப்பவர் எதை அடையாளம் காண வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கதைச் சுருக்கத்தை எழுத வேண்டாம். "புகையான் நெற்பயிரின் தூரில் (அடித்தண்டில்), நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும் என்பதை விவசாயி கண்ணால் அறிய வேண்டும்" என்பது போன்ற வாக்கியம் போதும். நண்டுக் கதைக்கு "நண்டு பயந்திருக்கிறது என்பதைக் குழந்தை உணர வேண்டும்" என்று எழுதினேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே இரண்டுக்கும் ஒரே பாணி பொருந்தாது என்பது விளங்கிவிடும்.

இரண்டாம் படி: உருவத்தின் நுட்பத்தையும் அசைவின் அளவையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்

நான் இடறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேலிச்சித்திரப் பாணி எல்லோருக்கும் பிடிக்கும் என்ற நம்பிக்கையில், புகையானைப் பெரிய கண்களுடனும் உருண்ட உடலுடனும் வரைந்து, பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று பச்சை நிறத்தையும் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் உழைத்த அந்தப் படத்தைப் பார்த்த முதிய விவசாயி ஒருவர், "தம்பி, இது புகையானா, பச்சைத் தத்துப்பூச்சியா? சிரிக்கிற பூச்சியைக் காட்டி மருந்தடிக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமானது. புகையான் பழுப்பு நிறமுடையது, நெல்மணியைவிடச் சிறியது, தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது. பச்சைத் தத்துப்பூச்சியோ பெரும்பாலும் இலைப்பகுதியில் காணப்படுவது. இரண்டையும் பிரித்தறிய உதவும் நிறத்தையும் வடிவத்தையும் என் பாணியே அழித்துவிட்டது.

உடனே முப்பரிமாணத்துக்கு மாற வேண்டும் என்று எண்ணினேன். அதுவும் தவறாகவே இருந்திருக்கும். அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது உருவத்தில் துல்லியமே தவிர, அசைவில் மிகுதி அன்று. ஆகவே பூச்சியையும் தூரையும் தாவரவியல் ஓவியம் போல நுட்பமாக வரைந்து, பாகம் பாகமாக வெட்டி அசைக்கும் வெட்டுருவ முறையைக் கையாண்டேன். கேமரா இலை நுனியிலிருந்து மெல்லக் கீழிறங்கித் தூரில் நான்கு நொடி நிற்கிறது; கால்களும் உணர்கொம்பும் மட்டுமே அசைகின்றன. புகையான் தாக்கிய பயிர் வட்ட வட்டமாகக் காய்வதையும், எட்டடிக்கு ஓரடி வெற்றிடமாக, அதாவது பட்டமாக விட்டு நாற்று நடுவதையும் மேலிருந்து பார்க்கும் எளிய வரைபடமாகக் காட்டினேன். விவசாயியின் உருவத்துக்கு நான்கைந்து கோடுகளே போதுமாக இருந்தன, ஏனெனில் அவரை யாரும் அடையாளம் காண வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான கதையில் இந்த விகிதம் தலைகீழாகிறது. நண்டுக்கு எத்தனை கால்கள் என்பதில் துல்லியம் குறைந்தாலும் குற்றமில்லை. அது பதுங்கும்போது உடல் தட்டையாகி, துள்ளும்போது நீள வேண்டும். அதற்குக் களிமண் உருவங்களைப் படிப்படியாக நகர்த்திப் படமெடுக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கைவிரல் பதிந்த தடம் திரையில் தெரியும்போது, தானும் பிசைந்து விளையாடிய பொருளாகவே குழந்தை அதைப் பார்க்கிறது. நொடிக்கு 12 படங்கள் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் ஆகும்; எனவே கதையை இரண்டு நிமிடத்துக்குள் அடக்குங்கள். ஆற்று வண்டலில் உருவம் செய்யாதீர்கள். விளக்கின் சூட்டில் அது மதியத்துக்குள் வெடித்துவிடுகிறது. வண்டலைத் தரைக்கும் வரப்புக்கும் வைத்துக்கொண்டு, பாத்திரங்களை உலராத எண்ணெய்க் களிமண்ணில் செய்யுங்கள்.

பேய்க்கதைக்கு நிழலுருவம். எதைக் காட்டாமல் விடுகிறோமோ அதுவே அச்சத்தைத் தருகிறது. ஜெர்மனியின் அசைவூட்டக் கலைஞர் லோட்டே ரைனிகர் கருப்பு அட்டையில் வெட்டிய உருவங்களைக் கொண்டு 1926-இலேயே முழுநீளப் படம் செய்திருக்கிறார். நம் தோல்பாவைக் கூத்தும் நிழற்கலைதான் என்றாலும், அதன் பாவைகள் வண்ணம் தீட்டிய, ஒளி ஊடுருவும் தோலால் ஆனவை. அவை திரையில் வண்ணமாகவே ஒளிர்வதால் இராமாயணம் போன்ற காவியக் கதைக்குப் பொருந்தும். அச்சத்துக்கு முழுக் கருப்பே வேண்டும்.

கோயிலைப் பற்றிய படம் செய்வோருக்கு ஒரு சொல்: தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றிவந்து காட்ட முப்பரிமாணத்துக்கு நிகரில்லை. ஆனால் மனித முகங்களை அதே முறையில் செய்தால், பெரும் பொருட்செலவின்றி அவை உயிரற்ற பொம்மைகளாகவே தோன்றும். கட்டடத்தை முப்பரிமாணத்திலும் மனிதரைக் கோட்டோவியத்திலும் செய்யுங்கள். பிளெண்டர் மென்பொருளில் உள்ள கிரீஸ் பென்சில் கருவி இரண்டையும் ஒரே காட்சியில் இணைக்க உதவுகிறது. தட்டையான ஓவியம் மட்டும் என்றால் எனக்குக் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளே கைவருகிறது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்போது தொடக்கத்திலேயே சந்தா கட்ட வேண்டிய தேவை இல்லை.

மூன்றாம் படி: பத்து நொடி மாதிரியைக் காட்டுங்கள்

முழுப் படத்தில் இறங்குமுன் பத்து நொடியை மட்டும் செய்து, உண்மையில் யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களில் மூவருக்கு ஒலியின்றிக் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். "என்ன பார்த்தீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். முதற்படியில் எழுதிய வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வரவில்லையென்றால், வரைந்தது எத்தனை அழகாக இருந்தாலும் பாணியை மாற்றுங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: களிமண் படத்தில் வெளிச்சம் கூடிக் குறைந்து மினுக்குகிறது என்று வாசகர் இருவர் எழுதியிருந்தார்கள். செல்பேசிக் கேமராவில் ஒளியளவையும் வெண்சமநிலையையும் (வண்ணச் சாயலை முடிவு செய்யும் அமைப்பு) தானாக மாறாதபடி பூட்டி, ஜன்னலை மூடிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கொளியின் துடிப்பு படத்தில் விழாதிருக்க ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வையுங்கள்.

மீண்டும் சேர்த்தது: நிழலுருவப் படம் பகலில் தெரியவில்லை என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் எழுதினார். வரப்பில் நின்று செல்பேசியில் பார்ப்பவருக்குக் கருநீலப் பின்னணியும் கருப்பு உருவமும் ஒன்றாகவே தெரிகின்றன. பத்து நொடி மாதிரியை வெயிலிலும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். நான் பின்னணியை வெளிர்மஞ்சளாக மாற்றிய பிறகே பேயின் விரல்கள் தனித்துத் தெரிந்தன.