ஜங்ஷன் பெட்டிக்குள் வயர் இணைப்பது: கறுப்பு வயரிடம் ஏமாந்த கதையோடு

எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் இருக்கிற லைட்டோடு இன்னொன்று பூட்ட வேண்டியிருந்தது. அரை மணி நேர வேலை என்று ஏணியில் ஏறினேன். பின்னேரம் முழுக்கப் போயிற்று.

முதலில், மின்சாரம் வருகிற ஒரு பிளக்கில், மின்சாரம் பட்டால் எரியும் ரெஸ்ரரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். சுவரிலுள்ள லைட் சுவிச் போதாது. வயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்ததும் எல்லா வயரையும் சோதியுங்கள். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், அதனால் நான் மல்டிமீற்றராலும் ஒருமுறை பார்ப்பேன்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். பழைய வீடுகளில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்). புதிய வயரில் பிரவுன், நீலம், நிலத்துக்குப் போகும் பாதுகாப்பு வயரான எர்த்துக்குப் பச்சை-மஞ்சள். இது தெரியுந்தானே என்று சிவப்பையெல்லாம் ஒன்றாகவும் கறுப்பையெல்லாம் ஒன்றாகவும் பூட்டினேன். மெயினைப் போட்டதும், சுவிச்சைத் தொடாமலே இரண்டு லைட்டும் எரிந்தன. சரி, சுவிச்சைத் தட்டிப் பார்ப்போம் என்று தட்டினேன். டப்! பிரேக்கர் விழுந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, சுவிச்சுக்குப் போற சோடியில கறுப்பும் லைவ்தான்." சிவப்பில் போகிற லைவ், சுவிச்சைப் போட்டதும் கறுப்பில் திரும்பி வருகிறது. அதை நியூட்ரலோடு சேர்த்து நானே ஷோர்ட் பண்ணியிருக்கிறேன்.

சரியான இணைப்பு இதுதான்: வருகிற சிவப்பு, சுவிச்சின் சிவப்போடு. சுவிச்சிலிருந்து திரும்பும் கறுப்பு, இரண்டு லைட்டின் சிவப்போடு. வருகிற கறுப்பு, லைட்டுகளின் கறுப்போடு. எர்த் எல்லாம் ஒன்றாக. எதையும் கழற்றுமுன் படம் எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் பெயர் ஒட்டுங்கள். திரும்பி வரும் கறுப்பில் சிவப்பு ரேப் சுற்றிவிடுங்கள், அடுத்து ஏறுகிறவர் தப்புவார்.

முறுக்கி ரேப் சுற்றுவது எனக்குப் பிடிக்காது. மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட தொண்ணூறுகளின் பழக்கம் அது. அந்தச் சின்ன வோல்ட்டுக்குச் சரி. நம்முடைய வெக்கையில் ரேப் பசை இளகி, சில வருடத்தில் கழன்றுவிடும். நான் வாங்குவது வாகோ 221 லெவர் கொனெக்ரர். 11 மில்லிமீற்றர் தோலுரித்து, கம்பி இழை வெட்டுப்படாமல் உள்ளே தள்ளி, லெவரை அழுத்தினால் முடிந்தது. ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். வந்தால் பிழை. செம்பு வெளியே தெரிந்தாலும் பிழை. மூடியைப் பூட்டுங்கள், மேலே சீமெந்து பூசி மறைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: மெயினை நிறுத்தியும் ரெஸ்ரர் எரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் லைட் லைனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது! மெயின் நின்றதும் அது தானாக இயங்கத் தொடங்கும். அதையும் நிறுத்தி, லைட் லைனுக்கு வருகிற அதன் இணைப்பையும் துண்டித்துவிட்டு, மறுபடி சோதித்த பிறகே கை வையுங்கள். அப்படியும் எரிந்தால் மூடியைப் போட்டுவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள்.