களத்தில் இருப்பவரைக் கேட்காத உதவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலையற்ற நாடுகளில் பணியாற்றும் அமெரிக்கப் படைவீரர்களுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் துணைநிற்கும் தொண்டு அமைப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. 1941-இல் தொடங்கப்பட்ட யுஎஸ்ஓ வீரர்களின் நலனையும் மன உறுதியையும் கவனித்து வருகிறது. 2003-இல் ஜிம் ஹேக் தொடங்கிய ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா, தாங்கள் பணியாற்றும் பகுதியின் மக்களுக்கு இன்னது தேவை என்று வீரர்களும் தூதரக அதிகாரிகளும் கேட்பவற்றைத் தனியார் நன்கொடையைக் கொண்டு வழங்குகிறது. இத்துறையில் நல்லெண்ணத்துக்குப் பஞ்சமில்லை; களத்தில் இருப்பவரைக் கேட்காமல் அந்த எண்ணம் செயலாகும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, கேட்காத பொருளை அனுப்புவது. பெயர் குறிப்பிடாமல் ‘எந்த வீரருக்கேனும்’ என்று முகவரியிட்டு அனுப்பும் ஏற்பாட்டை, ஆந்த்ராக்ஸ் கிருமி கலந்த கடிதங்கள் அமெரிக்காவை உலுக்கிய 2001-இல் பாதுகாப்புத் துறை நிறுத்திவிட்டது. எனவே பெறுபவர் யார், அவருக்கு என்ன தேவை என்பது தெரிந்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். வெளிநாட்டில் உள்ள அமெரிக்கப் படைகளுக்கும் தூதரகங்களுக்கும் உரிய ஏபிஓ, எஃப்பிஓ, டிபிஓ எனும் அஞ்சல் முகவரிகளில் நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதக் கூடாது. எழுதினால் அஞ்சல் ராணுவ வழியை விட்டு அந்நாட்டுத் தபாலில் சேர்ந்துவிடலாம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த வீரர்கள் மதுவையும் ஆபாசப் படங்களையும் வைத்திருப்பதை ராணுவத்தின் பொது ஆணையே தடை செய்திருந்தது. இத்தகைய தடைகள் இடத்துக்கு இடம் மாறுவதால், அனுப்பும் முகவரிக்கு உரிய விதிகளை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வதே முறை.

தூதரக அதிகாரிகளை மறந்துவிடுவதும், வீரர்களுக்கு அனுப்புவதையே அவர்களுக்கும் அனுப்புவதும் அடுத்த பிழை. 2012-இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உள்ளிட்ட நால்வர் கொல்லப்பட்டதை நினைத்தால், ஆபத்து சீருடை அணிந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது விளங்கும். அதே வேளையில், பதவியின் பொருட்டுத் தரப்படும் பரிசு ஒரு முறைக்கு 20 டாலரையும், ஒரே தரப்பிடமிருந்து ஆண்டுக்கு 50 டாலரையும் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அரசு ஊழியர்களுக்கான பொது விதி. நாம் தரும் விலையுயர்ந்த பரிசு, பெறும் அதிகாரியைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடும்.

எல்லாவற்றிலும் கனமான தவறு, உள்ளூர் மக்களுக்கான உதவியை விளைவை எண்ணிப் பாராமல் வழங்குவது. 2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானங்கள் வீசிய உணவுப் பொட்டலங்கள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. அதே போரில் வீசப்பட்ட கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகளும் மஞ்சளே. உணவென்று நம்பி ஒரு குழந்தை எதை எடுக்கும் என்ற அச்சம் எழுந்த பிறகுதான் பொட்டலத்தின் நிறம் நீலமாக மாற்றப்பட்டது. 2004-இல் தெற்கு ஆப்கானிஸ்தானில், உதவி தொடர வேண்டுமானால் தாலிபான், அல் காய்தா பற்றிய தகவலைத் தர வேண்டும் என்ற பொருள்படும் துண்டறிக்கைகளை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை விநியோகித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பாத்கிஸ் மாகாணத்தில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் ஊழியர்கள் ஐவர் கொல்லப்பட்டனர். உதவியைப் படைகள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதையும் ஒரு காரணமாகச் சொல்லி, ஜூலையில் அவ்வமைப்பு நாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. படையினரின் பணிக்குத் துணைநிற்கும் அமைப்பு தன் சார்பை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுநிலை அமைப்பைப் போலத் தோற்றம் காட்டினால், உண்மையிலேயே நடுநிலையோடு மருத்துவம் பார்ப்பவரின் உயிருக்கு அது உலை வைக்கும்.

அவசரமும் இதே அளவு கெடுதல் செய்யும். ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கான அமெரிக்க அரசின் சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, மிக அதிகப் பணத்தை மிக விரைவாகச் செலவிட்டது ஊழலையும் பூசலையும் வளர்த்தது என்று கூறியது. அது அரசுப் பணம் பற்றிய முடிவு என்றாலும், தனியார் நன்கொடைக்கும் பொருந்தும். எவ்வளவு செலவிட்டோம் என்ற கணக்கை விட, கிணற்றையோ விதையையோ யார் பராமரிப்பார், யார் பங்கிடுவார் என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும்.

பணம் கொடுப்பவர் செய்யும் தவறு எளிதில் தவிர்க்கக்கூடியது. வீரர்கள், முன்னாள் வீரர்கள் பெயரில் நடந்த நன்கொடை மோசடிகளுக்கு எதிராக, 2018 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் மாநில அதிகாரிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தனர். அமெரிக்க வருமான வரித் துறையிடம் அமைப்பு தன் வரவு செலவைக் காட்டித் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுப் பார்வைக்கு உரியது. அதைப் படிக்காமல், தொலைபேசியில் வரும் உருக்கமான குரலை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியாக, விளம்பரம். உதவி பெற்ற ஊர்க்காரரின் முகமும் பெயரும் கொண்ட படம் நன்கொடையாளரை மகிழ்விக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் படைக்கு நெருக்கமானவர் என்ற அடையாளமே அவரைப் பழிவாங்க ஆயுதக் குழுவுக்குப் போதுமானது, படை வீடு திரும்பிய பின்னும் அவர் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும். ஆகவே வழங்கிய பொருளின் படத்தை மட்டும் வெளியிடுவதும், இடத்தையும் நாளையும் தவிர்ப்பதும், வெளியிடும் முன் களத்தில் உள்ள அதிகாரியின் ஒப்புதலைப் பெறுவதும் கட்டாயம்.