பாரியின் மூச்சை எண்ணிய நாட்கள்: நாய்க்கு அவசர வயிற்று ஆபரேஷன் ஆனபின் நம் பதற்றத்தை எப்படித் தாங்குவது

நான் தையல்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறேன். பாரி ஏழு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் பெடலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பான். அன்று மாலை அவன் படுக்கவே இல்லை. எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வாந்தி எடுக்க முக்கினான். கொஞ்சம் நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. கையில் இருந்த சட்டைக்குக் கை ஏற்றி முடித்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். அதற்குள் விலாவுக்குப் பின்னால் வயிறு பறை மாதிரி இறுகிவிட்டது.

எக்ஸ்ரேயில் தெரிந்தது: வயிற்றுக்குள் இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொண்டுவிட்டது. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வருவது இது. முறுக்கு விழுந்ததும் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது; சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். இரவோடு இரவாக ஆபரேஷன். உங்கள் வீட்டிலும் இப்போது இப்படி ஒரு இரவு நடந்துகொண்டிருந்தால், எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கிளம்பும்முன் போன் விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள், யார் கூப்பிடுவார்கள், நடுவில் நாம் கூப்பிடலாமா என்று கேளுங்கள். "நீங்க கூப்பிடலைன்னா நல்லா இருக்கான்னு நான் எடுத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "ஆமாம்மா, எடுத்துக்கங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால், போன் மௌனமாகக் கிடந்த ஒவ்வொரு நிமிடமும் எனக்குக் கெட்ட செய்தியாகவே இருந்திருக்கும்.

கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரைப்பைச் சுவரின் நிறம் நன்றாக இருந்ததா, எந்தப் பகுதியையாவது வெட்டி எடுத்தார்களா, மண்ணீரலுக்குச் சேதம் உண்டா, இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு சேர்த்துத் தைத்தார்களா, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா. இதில் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபிறகும் முதல் மூன்று நாட்களுக்குள் இதயத்துடிப்பு தடுமாறுவது சகஜம். அதற்காகத்தான் மானிட்டரில் வைத்துக் கவனிக்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்ததால், மறுநாள் "துடிப்பில் கொஞ்சம் மாற்றம் இருக்கு, மருந்து போகுது" என்று அவர்கள் சொன்னபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேனே தவிர விழவில்லை.

சேர்த்துத் தைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது என் தொழிலோடு சேர்ந்தது. முறுக்கை நேராக்கியதும், இரைப்பையை வயிற்றின் வலப்பக்க உட்சுவரோடு இணைத்துத் தைக்கிறார்கள், இனிமேல் அது சுழலாமல் இருக்க. தைக்காமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு மறுபடி முறுக்கு விழும். தைத்துவிட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. உப்புவதை அந்தத் தையல் தடுக்காது, முறுக்குவதைத்தான் தடுக்கும். எந்தத் தையலும் ஊசி போன இடத்தில் தானாகப் பிரியாது, இழுவை விழுகிற இடத்தில்தான் விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் குதிக்கக் கூடாது, மாடிப்படி கூடாது, இரண்டு வாரத்துக்குச் சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றோடு வெளியே என்று டாக்டர் சொன்னபோது நான் ஏன் என்றே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அப்போதுதான் பயம் முழுசாக வந்தது. அங்கே மானிட்டர் இருந்தது, இங்கே நான் மட்டும். முதல் நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி இடைவிடாமல் பார்த்தால் எல்லாமே ஆபத்தாகத் தெரியும். ஒரு பெருமூச்சு, ஒரு உதறல், கண்ணை மூடாமல் தூங்குவது, எல்லாம்.

மறுநாள் என் அளவு நோட்டை எடுத்தேன். மார்பளவு, இடுப்பளவு எழுதுகிற அதே நோட்டு. புதுப் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டேன்: நேரம், மூச்சு, ஈறு, சாப்பாடு, வயிறு. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நான்கே வேளைகள். அந்த நேரத்தில் முழுக் கவனத்தோடு பார்ப்பேன், எழுதுவேன், நோட்டை மூடிவிட்டு மெஷினுக்குப் போவேன். நடுவில் மனசு அலறினால், "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று அதற்குச் சொல்வேன். முதல் இரண்டு நாள் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

மூச்சை அவன் அயர்ந்து தூங்கும்போது எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். கனவில் கால் துடிக்கும்போதும், இப்போதுதான் நடந்துவிட்டு வந்திருக்கும்போதும் எண்ணாதீர்கள். அந்தக் கணக்கு வீணாக வயிற்றைக் கலக்கும். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். நலமாக இருக்கும்போதே அந்த நிறத்தை மனசில் பதித்துவையுங்கள். வயிற்றுக்கு நான் இன்ச் டேப்பே வைத்தேன், டாக்டரிடம் கேட்டுவிட்டு: தினம் காலை சாப்பாட்டுக்கு முன், கடைசி விலாவுக்குப் பின்னால், இறுக்காமல். 28.5. மறுநாளும் 28.5. அந்த எண் கொடுத்த தைரியத்தை யாருடைய ஆறுதலும் கொடுக்கவில்லை.

வெட்டுக்காயத்துக்கு அளவு வேண்டாம், போட்டோ எடுங்கள். தினம் ஒரே நேரம், ஒரே ஜன்னல் வெளிச்சம். "நேற்றைவிடச் சிவந்திருக்கோ?" என்று ராத்திரி மனசு கேட்கும்போது நேற்றைய படத்தைப் பார்த்தால் போதும். முதல் சில நாள் ஓரம் லேசாகச் சிவந்து தடித்திருக்கும். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, தையல் வாய் திறந்தாலோ அதே படங்களை டாக்டருக்கு அனுப்பலாம். காயத்தை நக்காமல் இருக்க மாட்டிவிடுகிற கழுத்துக் கூம்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். நாம் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவன் நூலைப் பிரித்திருப்பான்.

என்னை மிகவும் உலுக்கியது முதல் இரவு முனகல்தான். வலியில் துடிக்கிறான் என்று நானும் அழுதேன். அவனுக்குப் போட்டிருந்த பலமான வலி மருந்தே சில நாய்களைக் குழப்பி இப்படி அரற்ற வைக்கும் என்று போனில் சொன்னார்கள். வலியா, மருந்தா என்று நமக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, அதனால் கூப்பிட்டுக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். மூன்று நான்கு நாள் மலம் கழிக்காமல் இருந்ததும் என்னைப் பயமுறுத்தியது. வயிறு காலியாக இருந்ததும், மயக்க மருந்தும், வலி மருந்தும் சேர்ந்தால் அப்படித்தான். தொண்டையில் குழாய் வைத்திருந்ததால் ஓரிரு நாள் லேசாக இருமினான். நாள் முழுக்கத் தூங்கினான். இவை எல்லாம் தானாகவே சரியாயின.

உடனே கிளம்ப வேண்டியவற்றை என் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஈறு வெளுத்தாலோ சாம்பல் பூத்தாலோ. வயிறு இறுகினால். ஒன்றும் வராமல் ஓங்கரித்தால். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால். நிற்க முடியாமல் சரிந்தால். தார் மாதிரி கறுத்த மலம் வந்தால். காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினால். கீழே அவசர ஆஸ்பத்திரியின் நம்பர். அந்தக் காகிதத்தில் இல்லாத எதற்கும் நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டாம், விடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம்.

வலி பொறுக்காமல் இருக்கிறானே என்று நம் மாத்திரைப் பெட்டியில் கை வைக்காதீர்கள். பாராசிட்டமால், இப்யூபுரோஃபென் இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம். டாக்டர் கொடுத்ததை மட்டும், சொன்ன வேளைக்கு. சாப்பாடும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை.

பாரிக்கு ஆனது போல இல்லாமல், உங்கள் நாய் எதையாவது விழுங்கியதால் குடலைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை கூடுதல் கவனம் வேண்டும். குடல் தையல் கசிந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்: மறுபடி வாந்தி, சோர்வு, காய்ச்சல், தொட்டால் வயிற்று வலி. (தைக்கிறவர்கள் வீட்டில் ஊசி கோத்த நூலைத் தரையில் விடவே கூடாது. நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.)

தூக்கத்தைப் பற்றி. இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. மூன்றாம் ராத்திரி மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றே ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் மகள் அதட்டினாள்: "நீ போய்ப் படும்மா. ரெண்டு மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன், அப்புறம் அப்பா." கொடுத்த மாத்திரைக்கு நோட்டில் டிக் போடும் வழக்கம் அன்று வந்தது. தனியாக இருப்பவர்கள் ஒரு ராத்திரிக்காவது யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டைக் கை விஷயம் என்னை விடவில்லை. இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடத்தைப் பத்து நாள் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டரிடமே கேட்டேன்: "நான் உடனே எழுந்திருந்தா ஆபரேஷன் இல்லாம போயிருக்குமா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முறுக்கு விழுந்தாச்சுன்னா ஆபரேஷன்தாம்மா. நீங்க அன்னிக்கே கூட்டிட்டு வந்தீங்க, இரைப்பைச் சுவர் நல்லா இருந்துச்சு." உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி இருந்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள், அறுத்துப் பார்த்தவரிடமே நேராகக் கேளுங்கள். பதில் கடினமாக இருந்தாலும் அதற்கு ஓர் அளவு இருக்கும். நாமே கற்பனை செய்துகொள்வதற்கு அளவே கிடையாது. போனில் நடுராத்திரி தேடிப் படிப்பதையும் அதனால்தான் நிறுத்தினேன். அங்கே எல்லா நாயும் இருந்தன, பாரி இல்லை.

பதிமூன்றாம் நாள் தையல் பிரித்தார்கள். நோட்டு வேளையை நான்கிலிருந்து இரண்டாக்கினேன், மாத முடிவில் ஒன்றாக்கினேன். திடீரென்று நிறுத்தியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. இப்போது கட்டம் போடுவதில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் மட்டும் மெஷினுக்குக் கீழே குனிந்து எண்ணிவிட்டுப் படுக்கிறேன். நேற்று 18.