வேட்பாளருக்கும் வில்லங்கம் பார்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் ஐந்து சென்ட் புரையிடம் வாங்குவதாக இருந்தாலும், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, அண்டை வீட்டாரிடம் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். ஐந்தாண்டுக் காலம் நமக்காகப் பேசப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், சின்னத்தையும் சாதியையும் திருச்சபையையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். முதன்முறை வாக்களிக்கப் போகிறவர்களுக்காக, நிலத்துக்குப் பார்க்கும் அதே வில்லங்கத்தை வேட்பாளருக்கும் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: எந்தப் பதவி என்று பாருங்கள்

2024 ஏப்ரலில் விளவங்கோடு வாக்காளர்கள் மக்களவைக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்களித்தார்கள். அந்த இரண்டு வாக்குகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. காவல்கிணறு, களியக்காவிளை நான்குவழிச் சாலைகளும், மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் போன்ற அணுக் கனிமங்களும் ஒன்றிய அரசின் கையில் இருப்பவை. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வருவதும், தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் சேரும் மணலை அகற்றுவதும் மாநில அரசின் பொறுப்பு. தெருவிளக்கு எரியாததற்கு எம்.பி.யைத் திட்டுவதிலும், தெருவிளக்கு போட்டுத் தருவதாகச் சொல்லும் எம்.பி. வேட்பாளரைப் பாராட்டுவதிலும் பொருளில்லை.

படி 2: படிவம் 26-ஐப் படியுங்கள்

வேட்புமனுவுடன் ஒவ்வொரு வேட்பாளரும் இந்தப் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும்; தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். பொய்யான தகவல் கொடுத்தாலோ தகவலை மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. பல பக்கங்கள் கொண்ட பத்திரத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். மூன்று இடங்களில் மட்டும் நின்று படித்தால் போதும்.

முதலாவது, நிலுவையில் உள்ள வழக்குகள். எண்ணிக்கையைப் பார்த்தவுடன் முகம் சுளிக்காமல், சட்டப்பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் சாலை மறியலிலும் ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொண்டவர்கள்மேல் போடப்பட்டவை. மீனவர் போராட்டத்திலோ கனிமவள லாரிகளை எதிர்த்த போராட்டத்திலோ நின்ற ஒருவருக்கு இப்படிப் பத்து வழக்குகள் இருக்கக்கூடும்; என் கணக்கில் அது கறையாகாது. மோசடிக்கான 420, நம்பிக்கைத் துரோகத்துக்கான 406, பெண்களுக்கு எதிரான குற்றங்கள் ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும். அதில் மோசடி 318-ஆம் பிரிவு. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா, அதாவது முறைப்படி பதிவு செய்துவிட்டதா என்பதற்கும் படிவத்தில் தனி இடம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

வழக்குள்ள ஒருவரைக் கட்சி நிறுத்தினால், அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நாளிதழிலும் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டது. அந்த விளக்கங்களைத் தேடிப் படித்துப் பாருங்கள்; கட்சிக்கே எழுதக் கூச்சமாக இருந்தது சில வரிகளில் தெரியும்.

இரண்டாவது, சொத்து. ஏற்கெனவே போட்டியிட்டவர் என்றால் முந்தைய பத்திரத்தையும் எடுத்து அருகருகே வையுங்கள். மதிப்பு மூன்று மடங்கு ஆகியிருப்பதாலேயே ஊழல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான்குவழிச் சாலையோரம் பரம்பரை விளை (தோப்பு) வைத்திருந்தவருக்குச் சும்மா இருந்தாலும் மதிப்பு ஏறியிருக்கும். ஆகவே தொகையைவிட சர்வே எண்களை ஒப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்த நிலம் எத்தனை, அது யார் பெயரில் உள்ளது, அந்த ஐந்தாண்டுகளின் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்தில் அதை வாங்கியிருக்க முடியுமா என்று கூட்டிப் பார்ப்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

மூன்றாவது, அரசுடன் ஒப்பந்தங்கள். சாலைப் பணி ஒப்பந்ததாரரே சாலைக்காகக் குரல் கொடுப்பவராகவும் இருந்தால், அந்தக் குரல் யாருக்காக எழுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

படி 3: செய்ததைச் சரிபாருங்கள்

எம்.பி.யாக இருந்தவர் என்றால் அவருடைய வருகைப் பதிவையும் கேட்ட கேள்விகளையும் நாடாளுமன்ற இணையதளத்தில் காணலாம். அமைச்சராக இருந்தவரை இந்தக் கணக்கால் அளக்க முடியாது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதுமில்லை, கேள்வி கேட்பதுமில்லை. கேள்விகளின் எண்ணிக்கையைவிட, அவற்றில் ரப்பர் விலை, கடலரிப்பு, ஒக்கிப் புயலில் காணாமல்போன மீனவர்களின் குடும்பங்கள் போன்ற நம் ஊர் விஷயங்கள் எத்தனை என்று பாருங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி ரூபாய். பணிகளை அவர்கள் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார்கள். நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். எனவே கல்வெட்டில் பெயர் இருப்பது போதாது. நிழற்குடையில் கூரை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்தால், பணிகளின் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உள்ளதால், தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே மனு செய்வது நல்லது.

படி 4: குணத்தை விசாரியுங்கள்

இதற்குப் படிவம் கிடையாது. அவரிடம் மனு கொண்டுபோன ஒருவரையும், அவருக்கு எதிர்க்கட்சியில் இருக்கும் ஒருவரையும், அவர் தோற்றுப்போன காலத்தில் அவரோடு பழகிய ஒருவரையும் தனித்தனியே கேளுங்கள். மூவரும் ஒரே குறையைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். "நம்ம ஆளு" என்ற பதிலை மட்டும் குறிப்பில் எழுத வேண்டாம். அது அவரைப் பற்றிய தகவல் அல்ல, சொல்பவரைப் பற்றிய தகவல்.

படி 5: அனுபவம்

ஊராட்சியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, தொழிற்சங்கத்திலோ பொறுப்பு வகித்தவர் என்றால் அங்கே கணக்கு ஒழுங்காக இருந்ததா என்று கேளுங்கள். புதியவர் என்பதாலேயே தள்ளிவிட வேண்டாம். கிராம சபைக் கூட்டத்தில் அவர் இதற்கு முன் ஒருமுறையாவது எழுந்து பேசியிருக்கிறாரா என்பது எனக்குப் போதுமான சான்று.

இவ்வளவையும் வேட்பாளருக்கு ஒரு பக்கமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் போட்டியிட்ட எல்லோரும் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தத் தொகையையும் அதே பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டால், அவர் மறுபடி வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பத்திரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.